மிச்சப்பட்ட நேரம் யாருக்கு?
பல்கலைக்கழக நூல்நிலைய உழைப்பின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

நூல்நிலையங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளையே முதன்மைப்படுத்துகின்றனர். நிறுவிய வள்ளலின் பெயர், எழுப்பிய கட்டிடத்தின் சிறப்பு, சேர்ந்த நூல்களின் தொகை என்பனவே அவை. அந்நூல்களை வாசகனிடம் கொண்டு சேர்த்த மனிதர்களைப் பற்றி அவ்வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. ஒரு நூல் அச்சகத்தைவிட்டுப் புறப்பட்டு மாணவன் ஒருவனின் மேசையை வந்தடையும்வரை எத்தனை கைகளைக் கடந்து வருகின்றது! தெரிவு செய்தல், விலைக்கு வாங்குதல், பதிவு செய்தல், பொருள் நோக்கிப் பகுத்தல், பட்டியல் எழுதுதல், முதுகில் இலக்கமிடுதல், இறாக்கையில் அடுக்குதல், வேண்டியபோது எடுத்துக் கொடுத்தல், இவை யாவும் உழைப்பே. அவ்வுழைப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது, யார் மேலிருந்தனர், யார் கீழிருந்தனர் என்று நோக்கினால், நூல்நிலைய வரலாறு சமுதாய வரலாற்றின் ஓர் இயலாகவே நமக்குக் காட்சியளிக்கும்.

கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பல்கலைக்கழக நூல்நிலையத்துட் புகுந்த ஒவ்வொரு புதிய உத்தியும், ஒவ்வொரு புதிய பொறியும் உழைப்பு நேரத்தை மிச்சப்படுத்தியுள்ளது. ஆனால் மிச்சப்பட்ட நேரம் யாருக்குச் சென்றது என்ற வினாவுக்கு எந்தப் பொறியும் விடை கூறவில்லை. விடை கூறியவர்கள் மனிதர்கள். நிறுவனத்தை ஆண்டவர்களும், சில வேளைகளில் அவர்களை எதிர்த்து நின்றவர்களும். இக்கட்டுரை அவ்வினாவைத் தொடர்ந்து செல்லும் ஒரு முயற்சியாகும்.

பழைய பல்கலைக்கழகத்தில் நூலகர் என்பவர் காவலரே. ஒக்ஸ்போர்டில் தோமஸ் பொட்லி புதுப்பித்து 1602ஆம் ஆண்டில் திறந்த நூல்நிலையத்திற் பெருநூல்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தன. நூலகர் மணமாகாதவராய் இருத்தல் வேண்டும் என்பது பொட்லியின் விதி. முதல் நூலகரான தோமஸ் ஜேம்ஸ் மணம் புரிய விரும்பியபோது, மனமில்லாமலே அவருக்கு விலக்களித்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் இதனினும் ஒரு படி முன்னேறிய நிலையைக் காட்டுகின்றது. அங்கு 1763 முதல் 1812 வரை நூல்நிலையத்தை நடத்திய ஹைனே, புராதன கிரேக்க உரோம இலக்கியங்களிற் பெயர்பெற்ற பேராசிரியர். ஆராய்ச்சிக்கு வேண்டிய நூல்களை ஒழுங்காக வாங்கிச் சேர்க்கும் மரபு அங்கே வலுப்பெற்றது. எனினும் நூலகப் பணி பேராசிரியரின் துணைப் பணியாகவே இருந்தது. அதைத் தனித் தொழிலாக எவரும் கருதவில்லை. கருத வேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

அத்தேவையைத் தோற்றுவித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கைத்தொழில் முதலாளித்துவம். இரயில் பாதைகள், சுரங்கங்கள், வங்கிகள், இரசாயனத் தொழில்கள் யாவற்றுக்கும் பயிற்சி பெற்ற மூளைகள் வேண்டியிருந்தன. ஒரே பாடநூலை மனனஞ் செய்து ஆசிரியர் முன் ஒப்புவிக்கும் பழைய கல்லூரி அவற்றை உருவாக்கித் தர இயலாதது. ஜெர்மன் ஆராய்ச்சி முறையைத் தழுவி 1876இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் தோன்றியது. ஆராய்ச்சி முறை பரவியதும் மாணவன் ஒரு நூலைவிட்டுப் பல நூல்களிடம் செல்ல வேண்டியவனானான். நாளொன்றுக்குச் சில மணி நேரம் மட்டும் திறந்திருந்த நூல்நிலையங்கள் அவனுக்குப் போதவில்லை.

இம்மாற்றத்தைத் தெளிவாகக் காண்பதற்கு நியூயோர்க் நகரின் கொலம்பியாக் கல்லூரி ஏற்றதோர் எடுத்துக்காட்டு. தசமப் பகுப்பு முறையை 1876இல் வெளியிட்ட மெல்வில் டூயி 1883இல் அதன் நூலகராக நியமனம் பெற்றார். அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, நூல்நிலையத்தைக் காலை முதல் இரவுவரை திறந்துவைத்தது. சிதறிக் கிடந்த நூல்களைப் பகுத்து ஒழுங்குபடுத்தினார். நூற்பெயர்களை ஏடுகளில் எழுதிவைக்கும் முறைக்குப் பதிலாக அளவொத்த அட்டைகளில் எழுதும் முறையை நிலைநிறுத்தினார். மாணவரின் வினாக்களைக் கேட்டு நூல்களைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே 1884இல் இருவர் நியமிக்கப்பட்டனர். இன்று உசாத்துணைச் சேவை என நாம் வழங்கும் பணி பல்கலைக்கழகத்தில் ஒரு பதவியாக உருக்கொண்டமைக்கு இது ஒரு முற்பட்ட சான்று.

இத்துணை வேலையையும் செய்தவர்கள் யார்? வெல்ஸ்லி மகளிர் கல்லூரியிற் பட்டம் பெற்ற ஆறு பெண்களை டூயி பணிக்கு அமர்த்தினார். ஆடவரே பயின்ற கல்லூரி அது. 1887இல் அவர் அங்கு நூல்நிலையப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது சேர்ந்த இருபது மாணவருட் பதினேழு பேர் பெண்கள். நிருவாக சபையினர் சினங்கொண்டனர். வகுப்பறை தர மறுத்தனர். பாவனையின்றிக் கிடந்த களஞ்சிய அறை ஒன்றைத் துப்புரவாக்கி டூயி வகுப்பை நடத்தினார். முரண்பாடு முற்றி, 1889இல் அவர் அல்பனி நகருக்குச் சென்றார். பள்ளியும் அவருடன் சென்றது. கொலம்பியாக் கல்லூரி பட்ட வகுப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1983இல். ஆறு பெண்கள் அதன் நூல்நிலையத்துட் பணியாளராக நுழைந்து சரியாக நூறு ஆண்டுகளின் பின்னரே, பெண்கள் அக்கல்லூரியின் மாணவியராக நுழைந்தனர்!

டூயியைப் பெண் விடுதலையின் முன்னோடி என்று கூறிவிடலாமா? வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. பட்டம் பெற்ற பெண்களுக்கு அக்காலத்தில் ஆசிரியத் தொழிலைவிட வேறு வாயில்கள் மிகச் சில. எனவே கற்ற உழைப்பு குறைந்த விலைக்குக் கிடைத்தது. பெண்களுக்கு ஊதியம் குறைவாக இருப்பதற்கு உடல்நலம், தொழிற் பயிற்சியின்மை முதலிய காரணங்களை 1886ஆம் ஆண்டின் சொற்பொழிவொன்றில் டூயியே அடுக்கிக் காட்டினார். தம்முடன் பணியாற்றிய பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்தமை பற்றிய முறைப்பாடுகளும் வரலாற்றிற் பதிவாகியுள்ளன. அவற்றையும் அவருடைய இனத் துவேஷத்தையும் கருதியே அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் தன் உயர் விருதொன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. கதவைத் திறந்தவரே உள்ளே வந்தவர்களைத் தாழ்ந்த படியில் நிறுத்தினார் என்பதே உண்மை.

அக்காலத்து வழக்கமொன்று இங்கு மனங்கொள்ளத்தக்கது. அட்டைகளை எழுதுவதற்கென்று 'நூல்நிலையக் கையெழுத்து' என ஒருவகை எழுத்து வகுக்கப்பட்டுப் பயிற்சிப் பள்ளிகளிற் கற்பிக்கப்பட்டது. எவர் எழுதினாலும் ஒரே கை எழுதியதுபோலத் தோன்றுதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். வாசகனுக்கு அது தெளிவைத் தந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான அட்டைகளை எழுதிய பெண்ணின் தனித்தன்மை அந்த எழுத்திலேயே அழிந்து போயிற்று. தொழிற்சாலையில் உருவான பண்டத்தில் தொழிலாளியின் கைரேகை தெரியாதிருப்பது போன்றதே இதுவும்.

அடுத்த மாற்றம் 1901இல் வந்தது. வாஷிங்டனிலுள்ள கொங்கிரஸ் நூல்நிலையம் தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை ஏனைய நூல்நிலையங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒரே நூலுக்கு நூறு நூல்நிலையங்களில் நூறு பேர் தனித்தனியே பட்டியல் எழுதும் வீண் உழைப்பு இதனாற் குறைந்தது. கூட்டுழைப்பின் பயன் எத்தகையது என்பதற்கு இது நல்லதோர் சான்று. ஆனால் உழைப்புப் பிரிவினையும் இதனோடு கூர்மையடைந்தது. சிந்தித்து எழுதும் பணி ஓரிடத்திலும், வந்த அட்டையை ஒப்புநோக்கி இலக்கமிட்டு அடுக்கும் பணி வேறிடத்திலும் நிகழலாயின.

இப்பிரிவினைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் சார்ள்ஸ் வில்லியம்சன். கார்னகி நிதியத்தின் ஆதரவில் அவர் நிகழ்த்திய ஆய்வு 1923இல் வெளிவந்தது. நூல்நிலைய வேலை இருவகைப்படும்; ஒன்று பல்கலைக்கழகக் கல்வியை வேண்டி நிற்கும் தொழில்முறைப் பணி, மற்றையது எழுதுவினைஞர் பணி; இவ்விரண்டையும் கலத்தலாகாது என்பது அவர் முடிவு. 1926இல் நூல்நிலையக் கல்வி மீண்டும் கொலம்பியாவுக்கு வந்தபோது அதன் தலைமையை ஏற்றவரும் அவரே. வில்லியம்சனின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. கற்றறிந்த நூலகரைக் கொண்டு நாள் முழுவதும் முத்திரை குத்தச் செய்தால் வாசகனுக்கு வழிகாட்ட அவருக்கு நேரம் ஏது? நூலகரின் தகுதி உயர்ந்தமைக்கு இந்த அறிக்கை காரணமாயிற்று. ஆயினும் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் மேலே ஏறுவதற்குரிய படிகளும் அருகின. மூளை உழைப்பு, கை உழைப்பு என்ற பழைய பிளவு நூல்நிலையத்தின் உள்ளேயே சுவராக எழுந்தது.

அமெரிக்காவில் இச்சுவர் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட சென்னையில் வேறொரு பரிசோதனை நிகழ்ந்தது. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. வாசகர் வராத மண்டபத்தில் அமர்ந்திருப்பது அவருக்குச் சிறையாகத் தோன்றியது. மீண்டும் வகுப்பறைக்கே செல்ல விரும்பினார். பல்கலைக்கழகம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கு பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் பாடங்கேட்டதோடு, பல நூல்நிலையங்களை நேரிற் கண்டு ஆராய்ந்தார். குறொய்டன் நகரின் பொதுநூல்நிலையத்தைத் தொழிலாளரும் மாணவரும் பயன்படுத்திய விதம் அவர் மனத்தை மாற்றிற்று.

1925இல் சென்னை திரும்பிய ரங்கநாதன், நூல்களைப் பூட்டிவைக்கும் முறையை நீக்கி, வாசகர் தாமே இறாக்கைகளிடம் சென்று நூல்களைப் பார்க்கும் திறந்த முறையைக் கொணர்ந்தார். 1929இற் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதனைப் பொறுப்பேற்றது. அதே ஆண்டில் அவருடைய ஐந்து விதிகள் நூலாயின. 1933இற் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. அவ்வைந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதாகும். இதுவே நம் வினாவுக்கு நேரான விடை. ஒழுங்கான பகுப்பினாலும் திறந்த இறாக்கையினாலும் காவற் பணி குறைகின்றது. குறைந்த நேரத்தை எடுத்து வாசகனுக்குக் கொடு என்றார் அவர். வாசகனை வரவேற்று, அவன் தேடுவது யாதென அறிந்து, நூலையும் அவனையும் சேர்த்துவைக்கும் உசாத்துணைப் பணியை நூல்நிலையத்தின் உயிராக அவர் கருதினார். 1940இல் அதுபற்றித் தனிநூலே எழுதினார்.

ரங்கநாதனையும் நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. குடியேற்ற அலுவலகத்தின் படிநிலைகளை அவர் உடைத்துவிடவில்லை. சாதியும் கல்வியும் வகுத்த எல்லைகளைக் கடந்து எளிய மக்களுட் பெரும்பாலோர் அன்று பல்கலைக்கழகத்துள் நுழையவும் முடியவில்லை. ஆயினும் சென்னையிற் கிடைத்த விடையையும் கொலம்பியாவிற் கிடைத்த விடையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. ஒரே உத்தி இரு வேறு பயன்களைத் தர முடியும். பயனைத் தீர்மானிப்பது நோக்கமே.

இவ்வுண்மையைக் கணினி யுகம் இன்னும் கூர்மையாக மெய்ப்பித்தது. ஓஹையோ மாநிலக் கல்லூரிகளின் தலைவர்கள் 1967இற் கூடி, பிரெடரிக் கில்கோர் என்பாரின் தலைமையில் ஒரு கூட்டு நூல்நிலைய மையத்தை நிறுவினர். மாணவர் ஒருவருக்கான நூல்நிலையச் செலவு ஏறிச் செல்லும் வேகத்தைக் குறைப்பது அதன் வெளிப்படையான இலக்கு. 1971 ஓகஸ்ட் 26ஆம் நாள், ஓஹையோப் பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூல்நிலையத்தில் முதன்முறையாக நூல்கள் கணினித் தொடர்பின் மூலம் பட்டியலாக்கப்பட்டன. அன்று ஒரு நாளில் முடிந்தவை 133 நூல்கள். முதலாண்டில் அந்நூல்நிலையம் பட்டியலாக்கிய நூல்கள் மூன்றிலொரு பங்கு கூடின. பணியிடங்களோ 17 குறைந்தன. மிச்சப்பட்ட நேரம் யாருக்குச் சென்றது என்று இனியும் கேட்க வேண்டுமா? கூட்டுழைப்பென்ற உயரிய கருத்து இங்கே ஆட்குறைப்பின் கருவியாகவும் பயன்பட்டது.

அதன் பின்னர் அமைப்பு முறையே மாறத் தொடங்கியது. வாங்குவோர், பட்டியலாக்குவோர், வாசகருக்கு உதவுவோர் எனப் பகுதி பகுதியாக நின்ற பழைய ஒழுங்கைக் கலைத்து மீளக் கட்டும் ஆலோசனைகள் எழுந்தன. கொலம்பியா நூல்நிலையங்களின் அமைப்பையும் ஆளணியையும் பற்றி ஒரு வணிக முகாமை ஆலோசனை நிறுவனம் செய்த ஆய்வு 1973இல் நூலாக வெளிவந்தது. பொருட்டுறை நிபுணர்களாக நூலகர் வளர வேண்டும், கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் அவர்கள் பங்குகொள்ள வேண்டும் என்னும் நல்ல கருத்துக்கள் அக்காலத்திற் பரவின. ஆனால் பல்கலைக்கழகத்தின் அறிவு நிலையத்தை எவ்வாறு ஒழுங்கமைப்பது என்பதைக் கம்பனிகளுக்கு ஆலோசனை கூறுவோரிடம் கேட்கும் காலம் வந்துவிட்டமையையும் அது காட்டிற்று. முன்பு நூலகர் செய்த பட்டியல் வேலை, ஆயத்தப் பதிவுகளைப் பிரதிசெய்யும் வேலையாகி, குறைந்த சம்பளம் பெறும் உதவியாளரிடம் இறங்கியது. பொறுப்பு இறங்கியது, ஊதியம் அதனுடன் ஏறவில்லை.

கீழ்ப்படியில் நின்றோர் யாவற்றையும் மௌனமாக ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணுதல் தவறு. 1984இல் யேல் பல்கலைக்கழகத்தின் எழுதுவினைஞரும் தொழினுட்பப் பணியாளரும் பத்து வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். நூல்நிலைய உதவியாளரும் அவர்களுள் அடங்குவர். பெண்கள் செய்யும் வேலை என்பதனாலேயே அதன் மதிப்புக் குறைக்கப்படுகின்றது என்பது அவர்கள் எழுப்பிய குரல். நூறாண்டுக்கு முன்னர் டூயி அடுக்கிய காரணங்களுக்குத் தொழிலாளர் சங்கம் அளித்த பதில் அது. போராட்டத்தின் பயனாக 1985 சனவரியில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் காலச் சக்கரம் நிற்கவில்லை. கொலம்பியாவின் நூல்நிலையக் கல்விப் பள்ளி 1992இல் மூடப்பட்டது. ஓஹையோவிற் பிறந்த அந்த மையம் 2015 ஒக்டோபர் முதலாந் திகதி தன் கடைசி அட்டையை அச்சிட்டது.

இவை யாவும் கடல் கடந்த கதைகள்தாமே என்று நண்பர்கள் கேட்கலாம். நம் நாட்டின் நிலையை நோக்குவோம். கொழும்பில் 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1942இற் பல்கலைக்கழகமாகி, 1952இற் பேராதனைக்குப் பெயர்ந்த நிறுவனம் ஆங்கிலேய மாதிரியிலேயே தன் நூல்நிலையத்தை அமைத்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் உருவாகியது. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் நூலகரைப் பல்கலைக்கழக அலுவலருள் ஒருவராக வைத்தது. உதவி நூலகர் விரிவுரையாளருக்கு இணையான படியில் நிற்கின்றார். பேராதனையின் நூலகராக விளங்கிய இயன் குணத்திலக்க, இலங்கை பற்றிய நூல்களுக்கு 1970 முதற் பல தொகுதிகளாக வெளியிட்ட நூற்பட்டியல், நூலகர் ஆராய்ச்சியாளராகவும் இருக்க முடியும் என்பதற்குச் சிறந்த சான்று. இவை பெருமைக்குரிய பேறுகளே. ஆனால் கோட்டுக்குக் கீழே நூல்நிலைய உதவியாளரும் சிற்றூழியரும் நிற்கின்றனர். அவர்களுக்கும் மேற்படிக்கும் இடையிலுள்ள சுவர் நம் நாட்டிலும் உயரமானதுதான்.

நான் மாணவனாய் இருந்த காலத்தில் ஈழத்து நாடகம் பற்றிய கட்டுரை ஒன்றுக்குத் தேவையான சிறுபிரசுரத்தைத் தேடிப் பல நாள் அலைந்தேன். பட்டியலில் அது இல்லை. நூல்களை அடுக்கிக்கொண்டிருந்த முதிய சிற்றூழியர் ஒருவர் என் அலைச்சலைக் கண்டு, “தம்பி, என்ன தேடுறியள்?” என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிடத்தில், வேறொரு தொகுப்பின் உள்ளே சேர்த்துக் கட்டப்பட்டிருந்த அப்பிரசுரத்தை எடுத்துவந்து தந்தார். அவர் இளைப்பாறிய பின்னர் அந்த அறிவு எங்கே சென்றிருக்கும்? அதைப் பட்டியலில் ஏற்றுமாறு எவரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அது அவருடைய பதவிக்குரிய வேலையன்று.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இது சிறு விடயமன்று. இலண்டனில் அச்சாகும் ஆங்கில நூலுக்கு வேறெங்கோ ஒருவர் எழுதிய பதிவை நாம் கணினியிலிருந்து பிரதிசெய்து கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ முந்நூறு பிரதிகள் அச்சாகும் கவிதைத் தொகுதிக்கு அப்பதிவை யார் எழுதுவர்? அமெரிக்கா, தான் விற்ற கோதுமைக்குரிய பணத்தைக் கொண்டு 1962 முதல் இந்திய நூல்களைத் திரட்டியது. டெல்லியில் அதற்கென ஓர் அலுவலகம் அமைத்தது. பின்னர் இலங்கை நூல்களும் அவ்வழியே சென்றன. சிக்காகோ மாணவனுக்குத் தமிழ்நூல் கிடைத்தது நன்றே. ஆனால் அப்பட்டியல்களில் நம் நூல்கள் நெடுங்காலம் உரோம எழுத்திலேயே நின்றன. நாம் எழுதாத பதிவைப் பிறர் தம் தேவைக்கேற்ப எழுதுவர். ஆயத்தப் பதிவு கிடைக்கின்றதே, பட்டியலாக்குவோர் எதற்கு என்று கேட்கும் நிருவாகம் ஆங்கில நூல்களை மட்டும் மனத்திற் கொண்டு கணக்குப் பார்க்கின்றது. அந்தக் கணக்கில் முதலில் மறைவது நம் மொழியின் நூல்களே.

2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூல் முயற்சி, ஈழத்து நூல்களைத் திரட்டி இலவசமாக வழங்கி வருகின்றது. கூட்டுழைப்பினாலும் தன்னார்வத்தினாலும் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பல்கலைக்கழகம் சம்பளங் கொடுத்துச் செய்விக்க வேண்டிய பணியைத் தன்னார்வலரின் தலையிற் சுமத்திவிட்டு இருந்துவிடுதல் நியாயமன்று.

பொறியை வெறுப்பது பிற்போக்கு. அட்டை எழுதிய கைகளின் களைப்பைப் பொறி நீக்கியது வரவேற்கத்தக்கதே. நாம் கேட்பது வேறு. மிச்சப்பட்ட மணித்தியாலங்களை எடுத்து, தமிழ்நூல்களுக்கும் சிங்கள நூல்களுக்கும் முதற்பதிவு எழுதும் பணிக்குக் கொடுங்கள். கிராமத்துப் பாடசாலையிலிருந்து முதன்முறையாகப் பல்கலைக்கழகம் வரும் மாணவியின் அருகில் அமர்ந்து வழிகாட்டும் பணிக்குக் கொடுங்கள். உதவியாளரும் சிற்றூழியரும் கற்று மேலே வருவதற்குப் படியமைத்துக் கொடுங்கள். அவர்கள் அறிந்தவற்றைப் பட்டியலில் ஏற்ற வழிசெய்யுங்கள். ஆசிரியரும் மாணவரும் தம் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசும்போது, எத்தனை நூல்கள், எத்தனை கணினிகள் என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றோம். எத்தனை பேர் அங்கு பணியாற்றுகின்றனர், அவர்கள் நேரம் யாருக்காகச் செலவாகின்றது என்பதையும் இனிக் கேட்போமாக.